மிசின் சொன்ன "இல்லை"

எனக்குப் பிறகு என் கதிரைக்கு வந்த பிள்ளை போன மாதம் தொலைபேசி எடுத்தாள். அலுவலகத்தில் பழைய புரோகிராம்களை எல்லாம் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றுகிறார்களாம்.

"அக்கா, நீங்கள் எழுதின எல்லாத்திலையும் முதல் வரியிலை ‘இது பிழைச்சால்’ எண்டு தொடங்கி ஒரு வசனம் கிடக்கு. ஒண்டிலை ‘இது பிழைச்சால் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி தவறும்’ எண்டு கிடக்கு. வாசிக்கவே பயமாக் கிடக்கு. அழிச்சு விடட்டோ?"

"பயமாக் கிடக்கிறது நல்லதுதான். அழியாதை."

"மிசினுக்கு அந்த வரியாலை ஒரு பிரயோசனமும் இல்லையே அக்கா."

"அது மிசினுக்கு எழுதினதில்லைப் பிள்ளை, உனக்கு எழுதினது."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று தொலைபேசியில் விளங்கப்படுத்தவும் முடியவில்லை. ஆறுதலாக எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுதத் தொடங்கியபின் அது அவளுக்கு மட்டும் அனுப்பும் அளவில் நிற்கவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இணுவிலில் எங்கள் வீட்டில் பல்லி விழுந்தாலே முற்றத்துக்கு ஓடிவிடுகிற ஆள். அப்படிப்பட்டவள் எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு மேல்மாடியில் நடந்த கொம்பியூட்டர் வகுப்பில் போய் இருந்தது என் அண்ணையின் பிடிவாதத்தால்தான். மிசின்கள் மூன்று, பழுதாகாமல் இருந்தது ஒன்று. எங்களில் பாதிப்பேர் விசைகளைத் தொட்டும் தொடாமலும் சான்றிதழ் வாங்கினோம். படித்தது டிபேஸ். பெயர்விபரங்களைப் பதிந்து வைத்து, கேட்டபோது தேடித் தருகிற மென்பொருள். இன்றைய பிள்ளைகளுக்கு அது ஏதோ கற்காலத்துப் பொருள். எங்களுக்கு அது அதிசயம். இடையில் ஊரடங்கு வந்தது, சண்டை வந்தது, வகுப்பு மூடிக்கிடந்தது, மறுபடி திறந்தது. அந்தக் குழப்பத்துக்குள் எனக்கு ஒரு வேலையும் கிடைத்தது.

வேலை இதுதான். இரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர், ஊர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள் எல்லாவற்றையும் மிசினில் வைத்திருப்போம். ஆசுபத்திரியிலிருந்து இன்ன வகை இரத்தம் வேண்டும் என்று துண்டு வரும். தேடி ஆளின் பெயரையும் ஊரையும் எடுத்துக் கொடுப்போம். எங்களோடு வேலை செய்த மயில் அண்ணை சைக்கிளில் போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார். தொண்ணூறில் மின்சாரம் முற்றாக நின்றபின் இரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்திருப்பதென்பது நடவாத காரியமாகிவிட்டது. குடாநாட்டின் இரத்தம் எல்லாம் வீடுகளிலும் தோட்டங்களிலும் முகாம்களிலும் நடமாடிக்கொண்டிருந்தது. எது எங்கே நடமாடுகிறது என்று தெரிந்திருந்தது எங்கள் ஒரு மிசினுக்குத்தான். முன்பு அட்டைகளும் இருந்தன. கோட்டைப் பக்கம் சண்டை மூண்டு நாங்கள் பட்டணத்தை விட்டு நெல்லியடிக்கு வந்தபோது மிசினைத் தூக்கிக்கொண்டு வந்தோம், அட்டைகள் அங்கேயே போய்விட்டன.

ஆகவே அந்த மிசின் "இல்லை" என்று சொன்னால் ஒரு மனிதருக்கு இரத்தம் இல்லை. எங்கள் வேலையில் பயப்படவேண்டிய சொல் அது ஒன்றுதான்.

எனக்கு மேலே இருந்தவர் தில்லையம்பலம் சேர். கொழும்பில் ஒரு பெரிய கூட்டுத்தாபனத்தில், அட்டையில் துளை போட்டு ஓட்டுகிற காலத்துக் கொம்பியூட்டரில் வேலை பார்த்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் வீடு எரிந்து, அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினார். குரல் உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். வாய்விட்டு ஏசினால் தாங்கலாம், அந்தத் துடைப்பைத் தாங்கேலாது. அவரோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது அவரைத் திட்டியிருப்பார்கள். நான் தினமும் திட்டினேன், மனதுக்குள்.

அவருக்குச் சில சட்டங்கள். எந்த வேலைக்கும் முன்னம் பெயர்கள் உள்ள கோப்பினை நகல் எடுத்து டிஸ்கில் வைக்க வேண்டும். புரோகிராமின் முதல் வரியில், இது பிழைத்தால் ஆருக்கு என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். அதை எழுத முடியாவிட்டால் நீ எழுதியது உனக்கே விளங்கவில்லை என்பார். அடுத்த வரியில் மிசினின் பேச்சை நிறுத்த வேண்டும். டிபேஸ் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை பேர் மாற்றப்பட்டார்கள், இத்தனை பேர் நகல் செய்யப்பட்டார்கள் என்று திரையில் அறிக்கை விட்டுக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தினால் வேலை கெதியாக முடியும். எங்களுக்குக் கெதி முக்கியம். ஏனென்றால் மிசின் ஓடியது தோட்டத்துக்கு நீர் இறைக்கும், டைனமோ பூட்டிய ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினின் தயவில். ஊசிமருந்துச் சிறிஞ்சியில் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு அதை உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அருமை. எஞ்சின் இயங்கும் நேரத்தில் ஒருவரும் யோசிக்கக்கூடாது, யோசிப்பதை எல்லாம் அதற்கு முன்னமே யோசித்து முடித்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் கடதாசி ஓட்டம். புதிதாக ஒரு புரோகிராம் எழுதினால் முதலில் அதை மிசினில் போட முடியாது. வராந்தா வாங்கில் இருவர் இருப்போம். ஒருவர் வரி வரியாக வாசிப்பார், மற்றவர்தான் மிசின். மிசினாக இருப்பவர் முன்னால் பெயர் எழுதிய துண்டுகள் ஊர்வாரியாகக் குவிந்திருக்கும். வரி என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும், சொந்தப் புத்தியைப் பாவிக்கக் கூடாது. பெரும்பாலும் நான்தான் மிசின்.

"புத்தி பாவிக்காமல் இருக்கிறதுக்கு நீ நல்ல ஆள் பிள்ளை," என்று ஒருநாள் சொன்னார். அது பாராட்டுத்தான் என்று மயில் அண்ணை சத்தியம் பண்ணினார். நான் இரண்டு நாள் சேரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பயந்து பயந்து வேலை செய்த காலம். ஒருநாள் மண்ணெண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தது போலும், நான் பெயர்களைப் பதிந்துகொண்டிருந்தபோது எஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. திரை இருண்டது. மறுபடி போட்டுப் பார்த்தால் காலையிலிருந்து பதிந்த ஒருவரையும் காணோம். கோப்பை முறையாக மூடும்போதுதான் உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கை டிபேஸ் தலைப்பில் எழுதும். மூடாமல் அணைந்தால் பெயர்கள் டிஸ்கின் தட்டில் எங்கேயோ கிடக்கும், ஆனால் கணக்கில் வரா. சேர் ஒன்றும் சொல்லாமல் என்னை எழுப்பிவிட்டுத் தானே இருந்தார். தட்டில் உரிமை கோராமல் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கித் தரும் ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தார். கண்டதும் கடியதுமாக வந்த எழுத்துக் குப்பைக்குள்ளிருந்து ஒரு பெயர் தெரிந்தது. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து மறுபடி பதிந்தோம். "மிசின் காணேல்லை எண்டு சொன்னால் அது காணாமல் போனதெண்டு அர்த்தமில்லை," என்று மட்டும் சொன்னார்.

அதன்பிறகு பத்துப் பெயருக்கு ஒருதரம் மூடித் திறப்பது சட்டமானது. குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தாலும் அதே சட்டம்தான். சத்தம் கேட்டவுடன் முதலில் கோப்பை மூடு, பிறகு முற்றத்துப் பதுங்குகுழிக்கு, பங்கருக்கு, ஓடு. சொல்ல இலகு. தலைக்கு மேலே விமானம் பதிந்து வரும்போது விரல்கள் எழுத்துகளைக் கண்டுபிடிக்கா. ஒருதரம் மூடுகிற கட்டளையைத் திரும்பத் திரும்பப் பிழையாக அடித்துவிட்டு அழுதுகொண்டு நின்றேன். வெளியில் மயில் அண்ணை, "தங்கச்சி, பெயருகள் கிடக்கட்டும், நீ வா!" என்று கத்தினார். பங்கர் வாசலில் சேர் தலையை மட்டும் நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் தந்தார். நான் அடித்தேன், மூடினேன், ஓடினேன். குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்தது. பங்கருக்குள் இருந்தபோது எனக்கு இரண்டு பேரிலும் கோபம்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பி வரத் தொடங்கியது. எங்கள் பதிவில் இருந்தவர்களும் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். ஆள் மாறினால் மிசினில் ஊரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மயில் அண்ணை காலியான வீட்டுக்குப் போய் நிற்பார். ஒவ்வொருவராக மாற்ற எங்களுக்கு எண்ணெய் இல்லை. சேர் ஒரு புரோகிராம் எழுதினார். பழைய ஊரைக் கொடு, புதிய ஊரைக் கொடு, பழைய ஊரில் உள்ள அனைவரையும் அது புதிய ஊருக்கு மாற்றிவிடும். முதல் வரியில், இது பிழைத்தால் தேடிப் போகிறவர் ஆளில்லாத ஊருக்குப் போவார் என்று எழுதினார். கடதாசியில் ஓட்டினோம், நான்தான் மிசின். சரியாக வந்தது. தெல்லிப்பழை ஆட்கள் இணுவிலுக்கு வந்தபோது மிசினில் ஓட்டினோம், ஒருவர் பிசகாமல் மாறினார்கள். கீரிமலை ஆட்களுக்கு நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடம் முகாமானது. அதிபர், உங்கடை ஆட்கள் எல்லாரும் இஞ்சைதான் என்று சொல்லியனுப்பினார். கீரிமலையை நெல்லியடிக்கு மாற்றினோம். முடிந்ததும் நெல்லியடிப் பகுதியைத் திறந்து பார்த்தால் ஒரு கீரிமலைக்காரரின் பெயர் அழகாக வந்து நின்றது. சரி என்று எஞ்சினை நிற்பாட்டினோம். கீரிமலை இனி போகமுடியாத ஊர். போகமுடியாத ஊர்களில் தேடலாகாது என்று தேடும் புரோகிராமுக்கும் சொல்லி வைத்தோம்.

சில கிழமைக்குப் பிறகு, ஒரு பின்நேரம், தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி ஒருவர் ஓடிவந்தார். கரவெட்டிப் பக்கத்துப் புகையிலைத் தோட்டக்காரர், பெயர் வெற்றிவேலு. மனைவிக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து இரத்தப்பெருக்கு நிற்கவில்லை. துண்டில் ஓ நெகட்டிவ் என்று இருந்தது. எங்கள் சனத்தில் அந்த வகை அருமையிலும் அருமை.

எஞ்சினைப் போட்டோம். எண்ணெய்த் தாங்கியின் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. தேடும் புரோகிராமை ஓட்டினேன். ஒருவரும் இல்லை என்று வந்தது.

"மிசின் என்ன சொல்லுது தங்கச்சி?" என்று வெற்றிவேலு கேட்டார்.

சேர்தான் சொன்னார். "ஆளில்லை எண்டு சொல்லுது. ஆசுபத்திரியிலை வேலை செய்யிற ஆக்களுக்குள்ளை கேட்டுப் பாப்பம்."

"அங்கை கேட்டாச்சு ஐயா. அங்கை இல்லையெண்டுதான் இஞ்சை விட்டவை." அவர் நகரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்காக் கேளுங்கோ."

"அதையே கேட்டால் அதையேதான் சொல்லும்," என்றார் சேர்.

"வேறை மாதிரிக் கேளுங்கோ! மனிசரிட்டை ஒரு காரியத்தை நாலு மாதிரிக் கேக்கிறேல்லையே? மிசினிட்டை ஏன் கேக்கேலாது?"

சேர் கண்ணாடியைக் கழற்றினார். எஞ்சின் வெளியே ஒரு மாதிரி இழுத்து இழுத்துச் சத்தம் போட்டது. இதற்குமேல் எண்ணெயை வீணாக்குவது குற்றம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதனின் முகத்தைப் பார்த்துக்கொண்டு விசையை விட்டுக் கையை எடுக்க என்னால் முடியவில்லை. அவருடைய மனம் ஆறட்டும் என்பதற்காகத்தான், வேறு ஒரு நம்பிக்கையிலும் இல்லை, புரோகிராமை விட்டு வெளியே வந்து நேரடியாகக் கட்டளை கொடுத்தேன். எந்த ஊர் என்றாலும் பரவாயில்லை, ஓ நெகட்டிவ் என்று இருக்கிற எல்லாரையும் காட்டு.

பெயர்கள் வந்தன. வெளிநாடு போனவர் ஒருவர். மன்னாருக்குப் போனவர் ஒருவர். போன மாதம்தான் கொடுத்தவர் ஒருவர். பிறகு, சின்னராசா, கீரிமலை.

"கீரிமலையோ?" என்றார் சேர். கண்ணாடி இல்லாமலே திரைக்குக் கிட்டக் குனிந்தார். "கீரிமலையிலை ஒருத்தரும் இருக்கேலாதே. எல்லாரையும் நெல்லியடிக்கு மாத்தினனாங்களெல்லோ?"

"ஓம் சேர். நான் பாத்தனான். ஒராள் மாறி நிண்டவர்."

"ஒராள்," என்றார் சேர்.

மயில் அண்ணை திரையைப் பார்க்கவே இல்லை. "கேணியடியிலை தேத்தண்ணிக் கடை வைச்சிருந்த சின்னராசாவோ? அந்தப் பள்ளிக்கூடத்திலை கிடந்தால் நான் கொண்டுவாறன்," என்று சொல்லிச் சைக்கிளில் ஏறினார். அவர் படலையைத் தாண்டவும் எஞ்சின் நின்றது.

அந்த முகாம் கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும், சைக்கிளில் ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம். ஆனால் சின்னராசா அங்கே இருக்க வேண்டும். நிவாரணத்துக்குப் போயிருக்கலாம், வேறு ஊரில் உறவுகளிடம் போயிருக்கலாம், காய்ச்சலில் கிடக்கலாம். ஹெலிகொப்டர் ஒன்று கடற்கரைப் பக்கம் சுற்றத் தொடங்கியது. வெற்றிவேலு வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பதும் ஒழுங்கையைப் பார்ப்பதுமாக இருந்தார். "அவள் காலமை என்னோடை கதைச்சவள்," என்று இரண்டு மூன்று தரம் சொன்னார். நான் இணுவில் கந்தனை வேண்டினேன். படித்த தேவாரங்களில் ஒன்றும் முழுதாக நினைவுக்கு வரவில்லை.

சேர் வாங்கில் இருந்து பெயர்த் துண்டுகளைப் பரப்பினார். கீரிமலைக் குவியல் ஒன்று, நெல்லியடிக் குவியல் ஒன்று.

"நீ மிசினா இருந்தனி. எப்பிடிச் செய்தனி எண்டு காட்டு பிள்ளை."

எனக்கு அழுகை வந்தது. இருந்தும் செய்து காட்டினேன். கீரிமலைக் குவியலில் முதல் துண்டை எடுத்தேன். ஊரை வெட்டி நெல்லியடி என்று எழுதி, நெல்லியடிக் குவியலில் வைத்தேன். கையைத் திரும்பக் கொண்டுவந்து கீரிமலையில் அடுத்த துண்டை எடுத்தேன்.

"நில்," என்றார். "ஏன் திரும்பி வந்தனி?"

"இஞ்சை ஆக்கள் இருக்கினம் தானே சேர்."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு தானே ஒரு துண்டை எடுத்து நெல்லியடிக் குவியலில் வைத்து, அந்தத் துண்டிலேயே விரலை ஊன்றிக்கொண்டார். "மிசின் ஊர்ப்பேருகளின்ரை அகரவரிசையிலை போகுது. ஆளை மாத்தினவுடனை ஆள் வரிசையிலை இஞ்சை வந்திடுவார். மிசின் அவரோடையே வரும். பிறகு அவருக்கு அடுத்தது ஆரெண்டுதான் பாக்கும்." விரலை நெல்லியடிக்கு அடுத்த ஊருக்கு நகர்த்தினார். "திரும்பிப் போகாது. நான் அதுக்குத் திரும்பிப் போகச் சொல்லேல்லை."

தெல்லிப்பழை ஆட்கள் தப்பியதற்கும் காரணம் அதுவே. வரிசையில் இணுவில் தெல்லிப்பழைக்கு முன்னுக்கு இருந்தது. அந்த ஆளோடு முன்னுக்குப் போன மிசின் மறுபடி வழிநெடுகப் பார்த்துக்கொண்டு வந்து மற்றவர்களையும் கண்டுபிடித்தது. நெல்லியடியோ கீரிமலைக்குப் பின்னால். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போன மிசின் மற்றவர்களை அங்கேயே விட்டுவிட்டது. ஒருவர்தான் மாற்றப்பட்டார் என்று அது எங்களுக்குச் சொல்லியுமிருக்கும். பேச்சை நிறுத்தி வைத்தது நாங்கள். ஊர்வரிசையைக் கழற்றிவிட்டு, பதிந்த ஒழுங்கில் மாற்றச் சொல்லியிருந்தால் ஒரு பிழையும் வந்திராது. ஒரே ஒரு வரி வேலை. கடதாசியில் எத்தனை தரம் ஓட்டியும் அது அகப்படாததற்குக் காரணம், நான் என்னை அறியாமல் ஒவ்வொரு தரமும் திரும்பி வந்ததுதான். இடம்பெயர்ந்து போகிற சனத்தில் ஒருவரைக் கொண்டுபோய் விட்டால், மற்றவர்களைக் கூட்டிவரத் திரும்பிப் போகாத மனிசர் ஆர்?

மயில் அண்ணையின் மணிச்சத்தம் கேட்டது. சைக்கிளின் முன் பாரில் ஒரு மனிதர் ஒருக்களித்து இருந்தார். சைக்கிள் எங்கள் படலையில் நிற்கவில்லை. மயில் அண்ணை, "இவர்தான்!" என்று கத்திக்கொண்டு நேரே ஆசுபத்திரிப் பக்கம் மிதித்தார். வெற்றிவேலு பின்னால் ஓடினார். நான் வாங்கிலேயே இருந்துவிட்டேன்.

பொழுது சாய முன்னம் சின்னராசா தானே எங்களிடம் வந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. தாய் கண் திறந்து தண்ணீர் கேட்டதாகச் சொன்னார். நான் அவருக்குச் சீனி போட்ட தேநீர் கொடுத்தேன். சீனி அப்போது சும்மா கிடைக்கிற சாமான் இல்லை.

"நான் இஞ்சை வந்து இவ்வளவு நாளாச்சு," என்றார். "முந்தியெண்டால் தவணைக்கு ஒருக்கா ஆள் விடுவியள். இஞ்சை வந்தாப்போலை ஒரு சத்தமுமில்லை. அகதியின்ரை ரத்தம் வேண்டாமாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டன்."

சேர் எழும்பி நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். சின்னராசாவுக்கு அது பெரிய சங்கடமாகப் போய்விட்டது, தேநீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். தாய் தப்பிவிட்டாள், பிழையைக் கண்டுபிடித்தாயிற்று, நாளைக்கு எண்ணெய் கிடைத்தால் திருத்திவிடலாம். பயந்தவளுக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அது தனி. நான் துண்டுகளை அள்ளி அடுக்கினேன்.

"பிள்ளை," என்றார் சேர். "கீரிமலையை மாத்தின நாளிலை இருந்து, ஓ நெகட்டிவ் கேட்டு வேறை ஆரும் வந்தவையோ?"

எனக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இல்லை என்று சொல்ல நா எழுந்தது. சொல்லவில்லை.

"வந்தவை சேர். புவனம் எண்டு ஒரு அக்கா. புருசனுக்குச் செல் விழுந்து காயம். நாங்கள் இல்லையெண்டு சொன்னனாங்கள்."

"பிறகு?"

"அடுத்த நாள் ஆள் முடிஞ்சுது எண்டு மயில் அண்ணை சொன்னவர்."

அந்த அக்கா எங்கள் வாசலில் நின்ற கோலம் எனக்கு அப்படியே தெரிந்தது. இல்லை என்று சொன்னவுடன், "சரி" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். மறுபடி கேட்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அன்றைக்கே நேரடியாகக் கட்டளை கொடுத்துப் பார்த்திருப்பேன்.

அடுத்த நாள் காலமை சேர் சைக்கிளை வெளியில் எடுத்தார். நானும் வருகிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. வழியெல்லாம் அவரை மறிக்கத்தான் பார்த்தேன்.

"இதை இப்ப போய்ச் சொல்லி என்ன சேர்? அவவுக்கு இன்னும் வயிறு எரியும்."

அவர் மிதித்துக்கொண்டே போனார். ஒழுங்கை திரும்பும் இடத்தில் வேறு ஒன்று தோன்றியது எனக்கு. "சேர், சின்னராசா அண்டைக்கு அங்கை குடுத்திருந்தால் நேற்றுக் குடுத்திருக்கேலாது. நேற்று அந்தத் தாய் செத்திருப்பா."

"அது கணக்கு," என்றார். "அந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டு நாங்கள் ஒரு வீட்டு வாசலுக்குப் போகேலாது."

புவனம் அக்கா முற்றத்தில் சாக்கு விரித்து வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. இரு என்று சொல்லவும் இல்லை. சேர் வெயிலில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. ஊர் மாற்றுகிற புரோகிராமை எழுதியவர் தான் என்றார். அவள் புருசனுக்குக் கொடுக்கக்கூடிய ஒருவர் அன்றைக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார் என்றார். எங்கள் பிழையால் அவர் பெயர் வரவில்லை என்றார். நான் சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எதையாவது எடுத்து எறிவாள், குழறுவாள், அயலெல்லாம் கூடும் என்று பயந்தேன்.

அவள் வெங்காயத்தை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"அப்ப ஆள் இருந்தவர்," என்றாள் கடைசியில்.

"ஓம் பிள்ளை."

"அவர் வரமாட்டன் எண்டு சொல்லேல்லையோ?"

"அவரை ஒருத்தரும் கேக்கேல்லைப் பிள்ளை. கேட்டிருந்தால் வந்திருப்பார். நேற்றுக் கேட்டவுடனை வந்தவர்."

கை நின்றது. அவள் எங்களை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அண்டையிலை இருந்து சந்தைக்குப் போறேல்லை. கோயிலுக்குப் போறேல்லை. ஒரு முகத்தையும் பாக்கேலாது எனக்கு. இவ்வளவு சனத்துக்குள்ளை அந்த ரத்தம் உள்ள ஆள் ஒண்டாவது இருக்கும், தெரிஞ்சுகொண்டும் வராமல் இருந்திட்டுது எண்டு. எதிரிலை வாற ஒவ்வொருத்தரையும் நீயோ, நீயோ எண்டு மனம் கேக்கும்." புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். "இனி ஊரோடை எனக்குக் கோவம் இல்லை. உங்களோடை மட்டும்தான்."

"ஓம் பிள்ளை," என்றார் சேர். "அது எங்களோடை இருக்கட்டும்."

நாங்கள் சைக்கிளைத் திருப்பினோம். ஒழுங்கை முடிவில் நான் திரும்பிப் பார்த்தபோது, அவள் ஆய்ந்த வெங்காயத்தைக் கடகத்தில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, படலையைச் சாத்திவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.